பரண் மேல் ஒளிந்த கார்... தோலில் ஓடிய கிளட்ச்... தெரியுமா?

ஐரோப்பாவில் கோடை பிறந்துவிட்டால் போதும், சனி ஞாயிறுகளில் ஏதாவதொரு கிராமத்து மைதானம் களைகட்டிவிடும். சிட்ரோன் 2சிவி, ரெனால்ட் 4, பியூஜோ 403 என்று அறுபது, எழுபது வயதுப் பிரெஞ்சுக் கார்கள் கடகடத்தபடி வந்து வரிசை கட்டும். கூடாரம் அடிப்பார்கள், கூடிச் சமைப்பார்கள், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விடிய விடியக் கதை பேசுவார்கள். இத்தனைக்கும் இவை ராஜா வீட்டுக் கார்கள் இல்லை. விவசாயியும் வாத்தியாரும் தபால்காரரும் ஓட்டிய சாமானியர்களின் கார்கள்!

'அதுக்கும் தோலும் ஷூவும் செய்கிற நம்ம வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்கும் என்னங்க சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், கிளம்பலாம்!

முட்டை உடையக் கூடாது!

1930-களில் சிட்ரோன் நிர்வாகி பியர் பூலான்ஜே தன் என்ஜினியர்களிடம் வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? மரச் செருப்பு போட்ட இரண்டு விவசாயிகள் உட்கார வேண்டும். கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை. மணிக்கு 60 கி.மீ. வேகம். 100 கி.மீ. போக 3 லிட்டர் பெட்ரோல்தான் குடிக்க வேண்டும். இதையெல்லாம் விடுங்கள்... ஒரு கூடை முட்டையை வைத்து உழுத நிலத்தில் ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது! அந்தக் கோரிக்கையில் பிறந்ததுதான் 2சிவி.

எப்படிச் சாதித்தார்கள்? ஒரு பக்கத்து முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து இணைத்துவிட்டார்கள். முன் சக்கரம் மேட்டில் ஏறும்போதே பின் சக்கரத்துக்குச் சேதி போய்விடும். உள்ளே இருப்பவருக்குத் தூக்கிப் போடாது. மண் ரோட்டுக்கும் வரப்புக்கும் செய்த கார் என்பது அதன் அடி வயிற்றிலேயே எழுதியிருக்கிறது.

தொப்பி தட்டினால் கார் அவுட்!

பூலான்ஜே நல்ல உயரம். தலையில் எப்போதும் தொப்பி. செய்து காட்டிய மாதிரி வண்டிகளில் தொப்பியோடு ஏறி உட்கார்ந்து பார்ப்பாராம். கூரை தொப்பியில் இடித்தால் அந்த மாதிரி நிராகரிப்பு! 2சிவியின் கூரை குடை விரித்தாற்போல உயர்ந்திருப்பதன் ரகசியம் இதுதான். கூரையும் தகரம் இல்லை, சுருட்டி வைக்கக்கூடிய கேன்வாஸ் துணி.

நாஜிகளுக்கு டிமிக்கி கொடுத்த கார்!

1939 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 2சிவியைக் காட்டுவதாக இருந்தார்கள். அதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. கண்காட்சி ரத்து. பிரான்ஸைப் பிடித்த ஜெர்மானியர் கையில் வடிவமைப்பு சிக்கிவிடக் கூடாது என்று, தயாராக இருந்த மாதிரி வண்டிகளைப் பிரித்தார்கள், அழித்தார்கள், சிலவற்றை ஒளித்தார்கள். ஒளித்தது அவ்வளவு கச்சிதம்! லா ஃபெர்த்தே விடாம் என்ற ஊரில் சிட்ரோனின் சோதனைக் களத்தில், ஒரு களஞ்சியத்தின் பரணில் மூன்று வண்டிகள் 1990-களில்தான் வெளியே வந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் பரண்வாசம்! ஒற்றைக் கண் போல ஒரே ஒரு ஹெட்லைட் கொண்ட அந்த வண்டிகள்தான் இன்று 2சிவி ரசிகர்களின் மூலவர் தரிசனம்.

பானெட்டைத் திறக்க மாட்டோம்!

1948 அக்டோபர் 7. பாரிஸ் கண்காட்சியில் ஒருவழியாகத் திரை விலகியது. பிரெஞ்சு ஜனாதிபதியே வந்து பார்த்தார். கூட்டம் முண்டியடித்தது. ஆனால் பானெட்டை மட்டும் கடைசி வரை திறந்து காட்டவில்லை! சாம்பல் நிறத் தகரப் பெட்டி என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். மக்கள் கேட்டால்தானே? பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் அளவுக்கு வரிசை நீண்டது. நம்ம ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: தோல் தொழிலின் மூளையான சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பிறந்ததும் அதே 1948-ல்தான்!

375 சிசி, 9 குதிரை சக்தி!

ஆம், ஒரு முழுக் காருக்கு இவ்வளவுதான். இன்று நம் தெருவில் ஓடும் 350 சிசி புல்லட்டின் சக்தியில் பாதிகூட இல்லை! ரேடியேட்டர் கிடையாது, காற்றே என்ஜினைக் குளிர வைத்துவிடும். தண்ணீர் ஊற்ற மறந்து வழியில் கொதித்து நிற்கும் பேச்சே இல்லை. வேலூர் வெயிலில் கார் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

மெதுவாகப் போனால் வைப்பரும் மெதுவாக!

முதல் 2சிவிகளில் வைப்பருக்கு மோட்டார் இல்லை. ஸ்பீடோமீட்டர் கேபிள்தான் அதையும் ஆட்டும். கார் வேகமெடுத்தால் வைப்பரும் வேகமெடுக்கும். மழையில் ஊர்ந்தால் வைப்பரும் ஊரும். நின்றுவிட்டால்? கையால் திருகிக்கொள்ள வேண்டியதுதான்! பெட்ரோல் முள்ளும் கிடையாது. டேங்கில் குச்சியை விட்டு அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரின் சீட்டே பிக்னிக் நாற்காலி!

வார இறுதிக் கூட்டங்களில் கண்ணால் பார்க்க வேண்டிய காட்சி இது. ஒருவர் 2சிவியின் பானெட்டைத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்த்துவார், தனியே வந்துவிடும். கதவை மேலாகத் தூக்குவார், கழன்றுவிடும். சீட்டைக் கொக்கியிலிருந்து விடுவித்து வெளியே புல்தரையில் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஸ்பானர் பெட்டியைத் திறக்கும் முன்பே பாதிக் கார் மைதானத்தில்! இதையே போட்டியாகவும் வைக்கிறார்கள்: ஒரு குழு என்ஜினைக் கழற்றி, மறுபடி மாட்டி, ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும். தாத்தா கையில் பழகிய பேரன்கள் நிமிடக் கணக்கில் முடித்துவிடுகிறார்கள்.

பழைய கார் கூட்டங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் பிரெஞ்சுச் சாமானியக் கார்களின் கூட்டத்தில் கயிறு கட்டித் தடுக்க மாட்டார்கள், 'தொடாதே' பலகை இருக்காது. சொந்தக் கையால் பிரித்து மாட்ட முடிகிற கார் என்பதால்தான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கார், இரண்டு என்ஜின், இரண்டு சாவி!

பாலைவனத்தில் எண்ணெய் தேடுவோருக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தேவைப்பட்டது. சிட்ரோன் என்ன செய்தது? முன்னால் ஒரு என்ஜின், டிக்கியில் இன்னொரு என்ஜின்! 1960-ல் வந்த 2சிவி சஹாரா. பெட்ரோல் டேங்கும் இரண்டு, சாவியும் இரண்டு. ஒன்று மக்கர் செய்தால் மற்றதில் வீடு வந்து சேரலாம். மொத்தம் செய்ததே 694 வண்டிகள். அதனால்தான் ஏழைக் காரின் இந்தத் தம்பிக்கு இன்று ஏலங்களில் பணக்கார விலை!

கியர் பாக்ஸுக்கு வாழைப்பழம்!

1958-ல் ஜாக் செகேலா, ஷான் குளோத் போதோ என்ற இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் 2சிவியில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் கியர் பாக்ஸ் ஆயில் காலி. சுற்றிலும் ஆள் அரவமில்லை. கையிலிருந்த வாழைப்பழங்களை உரித்து கியர் பாக்ஸுக்குள் திணித்து ஓட்டிக் கரையேறினார்கள் என்பது 2சிவி உலகில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அந்த செகேலா பின்னாளில் பிரான்ஸின் பெரிய விளம்பரப் புள்ளி. 1981-ல் மித்தராந் ஜனாதிபதித் தேர்தலில் வென்றபோது பிரசாரத்தின் பின்னால் இருந்த மூளை!

ஏலகிரி எம்மாத்திரம்?

நம்ம ஏலகிரி மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் சுமார் 1,100 மீட்டர். 1950-களின் முற்பகுதியில் பொலிவியாவின் சகல்தாயா மலையில் ஒரு 2சிவி ஏறிய உயரம் 5,420 மீட்டர்! ஏலகிரியைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. மூச்சு முட்டியது ஓட்டியவர்களுக்குத்தான்.

பாரிஸிலிருந்து காபூல் போய்த் திரும்பிய படை!

1970-ல் சிட்ரோன் ஓர் அழைப்பு விடுத்தது: 'பாரிஸிலிருந்து காபூல் போய் வருகிறீர்களா?' ஏறத்தாழ 500 கார்கள், சுமார் 1,300 இளைஞர்கள், போக வர 16,500 கி.மீ.! அடுத்த ஆண்டு ஈரானின் பெர்சிபோலிஸ். 1973-ல் ஆப்பிரிக்கா. பஞ்சர் ஒட்டவும் கார்புரேட்டர் துடைக்கவும் ஒரு தலைமுறையே வழியில் கற்றுக்கொண்டது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலக மாநாடு!

உலக 2சிவி நண்பர்கள் சந்திப்பு 1975-ல் பின்லாந்தில் தொடங்கியது. அன்றிலிருந்து நாடு மாறி நாடு நடக்கிறது. 2019-ல் குரோஷியா, கொரோனா இடைவெளிக்குப் பின் 2023-ல் சுவிட்சர்லாந்து, 2025-ல் ஸ்லோவேனியா. ஆயிரக்கணக்கான கார்கள்! லாரியில் ஏற்றி வந்து இறக்குவது அங்கே மதிப்புக் குறைவு. ஓட்டி வந்தால்தான் கெத்து. பழைய கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, ஹெட்லைட் வளையம் என்று உதிரி பாகச் சந்தை ஒரு பக்கம், குழந்தைகளோடு கூடாரங்கள் மறு பக்கம். காரின் தயாரிப்போ 1990 ஜூலை 27-ல் போர்ச்சுகலின் மங்குவால்டே தொழிற்சாலையோடு நின்றுவிட்டது. அதுவரை 38 லட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள்.

ஒரு பக்கம் நீளம், மறு பக்கம் குட்டை!

1961-ல் வந்த ரெனால்ட் 4 காரை டேப் வைத்து அளந்தால் தலை சுற்றும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் ஒரு பக்கத்தைவிட மறு பக்கம் கிட்டத்தட்ட 5 செ.மீ. அதிகம்! தப்பில்லை, வேண்டுமென்றே செய்தது. பின் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே படுக்க வைத்ததால் வந்த வித்தியாசம். இந்தக் கோணல் கார் 80 லட்சத்துக்கு மேல் விற்றது! 2013-ல் போப் பிரான்சிஸுக்கு ஒரு பாதிரியார் பரிசளித்ததும் 3 லட்சம் கி.மீ. ஓடிய பழைய ரெனால்ட் 4-தான்.

1990-களின் பிற்பகுதி முதல் ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்கள் இந்தக் கிழட்டு ரெனால்ட் 4-களை ஓட்டிக்கொண்டு மொராக்கோ பாலைவனம் வரை போகிறார்கள். டிக்கியில் என்ன தெரியுமா? ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்களும் விளையாட்டுச் சாமான்களும்!

எதிரியின் பெயின்ட்டில் பிறந்த கார்!

ரெனால்ட் 4-க்கு முந்தைய ரெனால்ட் 4சிவி 1947-ல் ஓடத் தொடங்கியது. போர் முடிந்த நேரம், பெயின்ட்டுக்குப் பஞ்சம். ஜெர்மன் பாலைவனப் படை வண்டிகளுக்காக வைத்திருந்த மணல் மஞ்சள் பெயின்ட் மிச்சம் கிடக்க, அதையே எடுத்து அடித்துவிட்டார்கள். 'வெண்ணெய்க் கட்டி' என்று செல்லப் பெயரே வந்துவிட்டது. பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரெஞ்சுக் கார் அதுதான்!

மிளகு அரைத்தவர்கள் போர்ஷேவை மிரட்டினார்கள்!

பியூஜோ கம்பெனி கார் செய்வதற்கு முன்பே காபிக்கொட்டை, மிளகு அரைக்கும் கை மில் செய்து பேர் வாங்கியது. பியூஜோ பெயரில் மிளகு மில் இன்றும் விற்கிறது! 1929-ன் 201 தொடங்கி, நடுவில் பூஜ்யம் வைத்த மூன்றிலக்கப் பெயர்கள் அவர்கள் சொத்து. 1964-ல் ஜெர்மனியின் போர்ஷே '901' என்று கார் கொண்டுவர, பியூஜோ ஆட்சேபித்தது. வேறு வழியின்றி '911' ஆனது. உலகமே கொண்டாடும் அந்த எண் பிறந்த கதை இது!

ஆம்பூரில் விழுந்தார் நவாப்!

இப்போது நம்ம பக்கம் வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் ஆம்பூருக்குக் காரில் வரும் முன்பே பீரங்கியோடு வந்துவிட்டார்கள்! 1749 ஆகஸ்ட் 3. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளே அனுப்பிய படை, ஆற்காடு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், ஹைதராபாத் நிஜாம் பட்டத்துக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் ஆகியோரின் படைகளோடு சேர்ந்து ஆம்பூரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கானை எதிர்த்தது. யானை மேலிருந்து போரிட்ட முதிய நவாப் சுடப்பட்டு மாண்டார். அவர் மகன் முகமது அலி தப்பியோடியது திருச்சிக்கு. இரண்டாம் கர்நாடகப் போர் சூடுபிடித்தது நம்ம ஆம்பூர் மண்ணில்தான்!

தோல் இல்லையேல் கார் நகராது!

ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கார் பிறந்த புதிதில் அதன் கிளட்ச்சே தோலில்தான் ஓடியது! என்ஜின் சக்கரத்தில் கூம்பு வடிவில் ஒரு குழி. அதில் போய்ப் பொருந்தும் இன்னொரு கூம்பு. அந்தக் கூம்பைச் சுற்றித் தோல் பட்டை வைத்து ரிவிட் அடித்திருப்பார்கள். பெடலை விட்டால் தோல் போய்ப் பிடித்துக்கொள்ளும், கார் நகரும். தோல் காய்ந்து இறுகினால் கார் குதித்துக் கிளம்பும், எண்ணெய் பூசி இளக்க வேண்டும். எண்ணெய் மிஞ்சி வழுக்கினால்? எண்ணெய் உறிஞ்சும் மண்பொடியைத் தூவ வேண்டும்! தோலின் பதம் தெரியாத டிரைவர் அன்று டிரைவரே இல்லை. பானெட்டை இழுத்துக் கட்டிய வார், ஸ்பிரிங் பட்டைகளுக்கு மேலுறை, டயருக்குக் காற்றடிக்கும் பம்பின் கிண்ண வாஷர்... எல்லாம் தோல்தான்.

அந்தக் காலக் கார்களைப் புதுப்பிப்பவர்கள் இன்றும் கிளட்ச்சுக்கு ஒரே கனத்தில் சீவிய, நன்றாகப் பதனிட்ட தோலைத் தேடி அலைகிறார்கள். ஒரே கனத்தில் தோல் சீவுவது பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் அன்றாட வேலை!

ஆவாரம்பட்டைக்கும் ஒரு புதுச்சேரிக்காரர்!

சென்னை மாகாணத் தோலை ஏற்றுமதித் தரத்துக்கு உயர்த்தியவராகத் தோல் தொழில் வரலாறு சொல்லும் பெயர் சார்லஸ் டி சூசா. ஊர் புதுச்சேரி, காலம் 1840-கள். ஆவாரம்பட்டையில் ஊற வைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் மெருகேற்றிய தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பல் ஏறியது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய அரசு கடிவாளம் போட்டது. தோலாக அனுப்பியவர்கள் ஷூவாகத் தைத்து அனுப்பத் தொடங்கினார்கள். இன்றைய ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் கதை அங்கே வேகமெடுத்தது.

காஷ்மீர் மலையில் கூலிக்காரர் தோளில் கார்!

1931-ல் பெய்ரூட்டிலிருந்து பீகிங் வரை சிட்ரோன் ஒரு சாகசப் பயணம் நடத்தியது. முன்னால் சக்கரம், பின்னால் ரப்பர் செயின் பட்டை கொண்ட வண்டிகள். ஸ்ரீநகரிலிருந்து கில்கிட் போகும் மலைப்பாதை சில இடங்களில் குதிரைக்கே போதாது. என்ன செய்தார்கள்? வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார்கள். கூலிக்காரர்கள் துண்டு துண்டாகச் சுமந்தார்கள். அந்தப் பக்கம் போய் மறுபடி மாட்டினார்கள். இரண்டு வண்டிகள் கில்கிட்டை எட்டிப் பிடித்தன!

ஜீப்புக்குள் பிரெஞ்சு இதயம்!

1979-ல் மஹிந்திரா நிறுவனம் பியூஜோவோடு ஒப்பந்தம் போட்டு, பின்னர் எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜினை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. மலைக்கும் காட்டுக்கும் போன எத்தனையோ மஹிந்திரா ஜீப்புகளில் உறுமியது அந்த 2,112 சிசி என்ஜின்தான். அடுத்த முறை ஜவ்வாது மலைப் பக்கம் பழைய ஜீப் ஒன்றைப் பார்த்தால், 'என்ஜின் பியூஜோவா அண்ணே?' என்று டிரைவரைக் கேட்டுப் பாருங்கள்.

அம்பாசடர் பெயரை வாங்கியது யார்?

அட, இதுதான் உச்சம்! 1957 முதல் 2014 வரை தயாரான நம்ம அம்பாசடரின் பெயரை 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பியூஜோ குழுமம். லான்சர் கார் செய்துகொண்டிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் தொழிற்சாலையில் இன்று தயாராவது சிட்ரோன் சி3. ஒரகடத்தில் 2010 முதல் ரெனால்ட் கார்கள். தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் டயர்கள். 1934-ல் சிட்ரோன் திவாலானபோது கைதூக்கிவிட்டு, 2சிவி உருவாகப் பணம் போட்டதும் இதே மிச்செலின்தான்! ஆக, சிட்ரோன், ரெனால்ட், மிச்செலின் என்று பிரான்ஸின் மூன்று பழம்பெரும் பெயர்களும் இன்று நம் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் என்ன நிற்கிறது?

2021-ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்துவிட்டது தெரியுமா? முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார், பைக்குகளை 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண்ணில் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சிக்கும் பழைய கார் பேரணிக்கும் தாராளமாக எடுத்துப் போகலாம். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. பிள்ளைகளோடு ஒரு நடை போய் வாருங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடுவது விலை உயர்ந்த காரை அல்ல, தங்கள் தாத்தா சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போன காரை. நமக்கும் அப்படி அம்பாசடர் உண்டு, பத்மினி உண்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு உண்டு, பியூஜோ என்ஜின் ஜீப்பும் உண்டு. வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள், நம்பகமான ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்!